கவிதை எழுத எழுத பழைய ராத்திரிகள் திரும்பி வருகின்றன. எழுதலாமா, நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகள். சின்ன வயதில் என் அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். எனக்கு ஏழு வயதிலிருந்து பதினைந்து வயதுவரை இது நடந்தது. வாசலில் டி.வி.எஸ். 50 வந்து நின்று, ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டதுமே நானும் தம்பியும் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வோம். குடிக்காத நாளில் அதே அப்பா எனக்கு ஜடை பின்னிவிடுவார். அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. போன வருடம் கவிதை எழுத ஆரம்பித்தேன். முதலில் மனசு லேசானது. இப்போது மூன்று மாதமாக, பிள்ளைகள் தூங்கிய பிறகு நோட்டைத் திறந்தால் அதே கவிதைதான் வருகிறது. எழுதி முடித்தால் தூக்கம் வருவதில்லை. வந்தாலும் கெட்ட கனவு. தெருவில் யாராவது வண்டி ஸ்டாண்ட் போட்டால் தூக்கிவாரிப் போடுகிறது. கணவர் “பழசைக் கிளறாதே” என்கிறார். கவிதை என்னைக் குணப்படுத்துகிறதா, கெடுக்கிறதா? அம்மாவிடம் காட்டலாமா? புத்தகமாகப் போடு என்று தோழி சொல்கிறாள். செத்துப்போனவரைப் பற்றி இப்படி எழுதுவது பாவமில்லையா? சில கவிதைகளை இணைத்திருக்கிறேன்.
— பெயர் வேண்டாம், தென் மாவட்ட வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் தூக்கத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். கவிதை அப்புறம்.

மூன்று மாதமாகச் சரியான தூக்கமில்லை, கெட்ட கனவு வருகிறது, ஒரு சத்தத்துக்கு உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்றும் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலே மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ நேரில் பார்க்க வேண்டும். உங்களுக்கு இருப்பது என்ன, அதற்கு என்ன பெயர் என்பதை எதிரே உட்கார்ந்து கேட்பவர்தான் சொல்ல முடியும். கடிதத்தை வைத்து நான் சொல்லக் கூடாது. ஆனால் பழைய அதிர்ச்சி உடம்பில் தங்கிவிட்டவர்களுக்கு நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன. அதிர்ச்சியை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, இ.எம்.டி.ஆர். என்று சொல்லப்படும் கண்ணசைவு முறை ஆகிய இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013லேயே பரிந்துரைத்திருக்கிறது.

உங்கள் மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். ஓ.பி. சீட்டு வாங்கி உள்ளே போனதும் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதில்லை. “சின்ன வயதில் வீட்டில் அடிதடி. இப்போது மூன்று மாதமாகத் தூக்கமில்லை, சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடுகிறது” என்றால் போதும். மீதியை அவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். இனி இருந்து என்ன ஆகப்போகிறது என்பது போன்ற எண்ணம் ஒருநாள் தலைகாட்டினால், மருத்துவமனை திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த ராத்திரியே கணவரை எழுப்பிச் சொல்லுங்கள், அந்த எண்ணுக்கும் பேசுங்கள்.

சரி, இப்போது கவிதைக்கு வருவோம். குணப்படுத்துகிறதா, கெடுக்கிறதா என்று கேட்கிறீர்கள். இரண்டும் நடக்கும். எது நடக்கிறது என்பது, எழுதுகிற கை எங்கே போய் நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

இந்த விஷயத்தை முதலில் முறையாகச் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர். அவரும் சாண்ட்ரா பீல் என்பவரும் டெக்சாஸ் மாநிலத்தில் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 1986இல் வெளிவந்தது. தினம் 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள் எழுத வேண்டும். சிலருக்குச் சாதாரண விஷயங்களைக் கொடுத்தார்கள். சிலரை வாழ்க்கையில் பட்ட பெரிய அடியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அடியைப் பற்றி எழுதியவர்களுக்கு, எழுதி முடித்த கையோடு மனசு இன்னும் கனத்துத்தான் போனது. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில், நடந்ததையும் அப்போது மனசு பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள். எழுதிய அன்றைக்கு அழுகை வருவது கெட்ட அறிகுறி இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. மூன்று மாதம் தூங்காமல் இருப்பது வேறு விஷயம்.

இதைப் பெரிய அதிசயமாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன்பின் வந்த 146 ஆய்வுகளை 2006இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, பலன் உண்டு, ஆனால் சராசரியில் சிறியது என்றுதான் தெரிந்தது. சிலருக்கு நன்றாக உதவுகிறது, சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை. எழுதினால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியென்றால் யாருக்கு உதவியது? பென்னிபேக்கரும் அவருடன் இருந்தவர்களும் அந்த எழுத்துகளைச் சொல் சொல்லாக எண்ணிப் பார்த்தார்கள். முதல் நாள் எழுதியதையே கடைசி நாளும் எழுதியவர்களுக்குப் பலன் குறைவு. நாள் போகப் போக “அதனால்தான்”, “இப்போது புரிகிறது” என்ற மாதிரியான சொற்கள் யார் எழுத்தில் கூடிக்கொண்டே வந்தனவோ, அவர்களுக்குத்தான் உடம்பும் தேறியது. 2003இல் வந்த இன்னொரு ஆய்வில் வேறொன்றும் தெரிந்தது. ஒருநாள் “நான்” என்று எழுதி, மறுநாள் “அவர்”, “அவள்”, “நாங்கள்” என்று பார்வை மாறி மாறி எழுதியவர்கள், அதன் பிறகு மருத்துவரிடம் போவது குறைந்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் கவிதைகளைப் படித்தேன். பெரும்பாலானவை ஸ்டாண்ட் சத்தத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிகின்றன.

கதவின் பின்னால் நான்
சின்னதாக
இன்னும் சின்னதாக

நல்ல வரிகள்தான். ஆனால் மூன்று மாதமாக ஒவ்வொரு ராத்திரியும் அந்தக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டு, அங்கேயே நோட்டை மூடிவிடுகிறீர்கள். வெளியே வருவதே இல்லை. அப்புறம் எப்படித் தூக்கம் வரும்? உங்களைக் கெடுப்பது கவிதை இல்லை. போன இடத்திலிருந்து திரும்பாமலே எழுந்துவிடுவதுதான் கெடுக்கிறது.

நீங்கள் அனுப்பியவற்றில் ஒன்றை மட்டும் குறுக்கே கோடு போட்டு அடித்து, “இது சரியாக வரவில்லை” என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது.

தம்பியின் காதுகளை
இரண்டு கையாலும் பொத்தியிருக்கிறேன்
பூனையாக்கா என்கிறான்
ஆமாடா
பாத்திரத்தை உருட்டுது

மற்ற கவிதைகளில் நீங்கள் வெறுமனே ஒளிந்துகொண்டிருக்கும் பிள்ளை. இதில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்த வயதில், அந்தப் பயத்திலும், உங்களைவிடச் சின்னவனுக்கு அது கேட்கக் கூடாது என்று நினைத்திருக்கிறீர்கள். அவன் கேட்டதும் ஒரு பூனையை உண்டாக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். “எதுவும் செய்யாமல் நின்ற கோழை நான்” என்று இன்னொரு கவிதையில் எழுதியிருக்கும் அதே பெண்தான் இதையும் செய்திருக்கிறாள். உங்களைப் பற்றி உங்களுக்கே தெரியாமல் இருந்த ஒன்றை அந்தக் கவிதை கண்டுபிடித்திருக்கிறது. நீங்களோ அதை அடித்துவிட்டீர்கள்.

இன்னொன்றும் எனக்குத் தோன்றியது. சரியா இல்லையா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு கையும் தம்பியின் காதுக்குப் போய்விட்டன. உங்கள் காதைப் பொத்த யாருடைய கையும் இல்லை. அந்தச் சத்தம் முழுவதையும் நீங்கள் ஒருத்தியே கேட்டிருக்கிறீர்கள். இத்தனை வருடம் கழித்து ஒரு வண்டி ஸ்டாண்டுக்கு உடம்பு பதறுகிறது என்றால், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அந்தக் கவிதையைத் திரும்ப எடுங்கள். சரியாக வராததற்குக் காரணம், அதில் நீங்கள் இன்னும் சொல்லாத ஏதோ இருப்பதுதான் என்று நினைக்கிறேன். தம்பி அப்புறம் தூங்கினானா? எப்போது கையை எடுத்தீர்கள்? காலையில் என்ன நடந்தது? பள்ளிக்குப் போனீர்களா? கதவுக்குப் பின்னால் முடிகிற கவிதையைக் கதவைத் தாண்டி, விடிகிற வரைக்கும் கொண்டுபோய்ப் பாருங்கள்.

பேசும் ஆளையும் மாற்றிப் பாருங்கள். நம் அகப்பாட்டில் இதற்கு நீண்ட பழக்கம் உண்டு. “சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்” என்கிறது தொல்காப்பியம். அகத்தில் இன்னார் என்று யார் பெயரையும் சொல்லக் கூடாது. தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், வளர்ப்புத்தாயான செவிலி பேசுவாள். ஒரே துன்பத்தைப் பட்டவள் ஒரு மாதிரி சொல்வாள், பக்கத்தில் இருந்து பார்த்தவள் வேறு மாதிரி சொல்வாள். எழுதுகிறவருக்கு அதனால் இரண்டு வசதி. ஊர் வாய்க்குப் பெயர் போகாது. வலியிலிருந்து ஓர் அடி தள்ளி நின்று அதைப் பார்க்கவும் முடியும். அந்த ராத்திரியைப் பக்கத்து வீட்டுப் பெண் சொல்வதாக ஒன்று எழுதுங்கள். தம்பி சொல்வதாக ஒன்று. அப்புறம், இன்றைய 36 வயது டீச்சர் அந்த அறைக்குள் வந்து, கதவுக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகளைப் பார்ப்பதாக ஒன்று. உங்கள் வகுப்பில் அப்படி ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் அவளைக் கோழை என்றா சொல்வீர்கள்? அவளிடம் என்ன சொல்வீர்களோ அதை எழுதுங்கள். அப்பா சொல்வதாக மட்டும் இப்போது எழுத வேண்டாம். அதைச் சிகிச்சை தொடங்கி, கூட ஒருவர் இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஜடையைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். கடிதத்தில் ஒரே ஒரு வரியாக அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். கவிதைகளில் அது எங்கேயும் இல்லை. பாவமில்லையா என்ற உங்கள் கேள்வி அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். அடித்த அப்பாவை எழுதினால் ஜடை பின்னிய அப்பாவுக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருக்கிறது. ஜடையை எழுதினால் அம்மா பட்ட அடி பொய்யாகிவிடுமோ என்று பயம். இரண்டுமே நடந்தவை. ஒன்று இன்னொன்றை அழிக்காது. புறநானூற்றில் பாரியின் மகள்கள் பாடியது நினைவிருக்கும். “அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்” தந்தையும் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. “இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்” குன்றையும் வேந்தர்கள் கொண்டார்கள், தந்தையும் இல்லை. அந்தப் பாட்டு அவ்வளவுதான். அழுகிறோம் என்றோ துயரம் என்றோ ஒரு சொல்கூட இல்லை. அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே நிலவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். நீங்களும் அந்தக் கைகளை இரண்டு முறை எழுதுங்கள். ஒருமுறை சீப்போடு, ஒருமுறை அந்த ராத்திரியில். தீர்ப்பு எதுவும் எழுத வேண்டாம். பாவமா என்றால், பாவமே இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்வதால் செத்தவருக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

எழுதும் நேரத்தை மாற்றுங்கள். இது மிக முக்கியம். ராத்திரி பிள்ளைகள் தூங்கியபின் அந்த நோட்டைத் திறக்கவே வேண்டாம். அந்தச் சம்பவங்கள் நடந்த நேரமும் அதுதான், வீடு அடங்கியிருக்கும் நேரமும் அதுதான். சனி, ஞாயிறு காலையில் வெளிச்சத்தில் உட்காருங்கள். போனில் 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். அடித்ததும், வரி பாதியில் நின்றாலும் மூடிவிடுங்கள். மூடிய கையோடு உடம்புக்கு ஒரு வேலை கொடுங்கள்: பாத்திரம் தேய்ப்பது, துணி காயப்போடுவது, கடைக்கு நடந்து போய் வருவது. எழுதும்போது நெஞ்சு படபடத்து, அந்த அறையிலேயே இருக்கிற மாதிரி ஆகிவிட்டால் உடனே பேனாவை வைத்துவிடுங்கள். காலைத் தரையில் அழுத்தி, கண்ணில் படுகிற பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு விஷயத்தை எழுதினால் தாங்க முடியாது என்று தோன்றினால் அதை எழுதாதே என்பது பென்னிபேக்கரே சொல்லும் விதி. மருத்துவரை முதல்முறை பார்க்கும்வரை கதவுக் கவிதையைத் தொடாமல் இருந்தால் எனக்கு நிம்மதி. பூனை, ஜடை, காலை நேரம், இவற்றை எழுதுங்கள்.

சிகிச்சையிலேயே எழுத்தைப் பயன்படுத்துகிற முறை ஒன்று உண்டு. டெனிஸ் ஸ்லோன், பிரையன் மார்க்ஸ் என்ற இருவர் அமெரிக்காவில் உருவாக்கியது. ஐந்தே அமர்வுகள். ஒவ்வொன்றிலும் நடந்த அந்த ஒரு சம்பவத்தை அரை மணி நேரம் எழுத வேண்டும். 2018இல் வெளிவந்த ஆய்வில், 12 அமர்வுகள் கொண்ட வழக்கமான ஒரு சிகிச்சைக்கு அது குறைந்ததில்லை என்று தெரிந்தது. அங்கேயும் அதே சம்பவத்தைத்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். ஆனால் பயிற்சி பெற்ற ஒருவர் வழிகாட்டுகிறார், எழுதி முடித்ததும் அதைப் பற்றிப் பேச அவர் இருக்கிறார். உங்களுக்கு ராத்திரி பதினொரு மணிக்கு அப்படி யாரும் இல்லை. போகிற இடத்தில் உங்கள் நோட்டையும் காட்டுங்கள். எனக்கு எழுத வரும் என்று சொல்லுங்கள். அது அவர்களுக்கும் உதவும்.

உங்கள் கணவர் “கிளறாதே” என்பதை வெறும் அலட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் தூங்காததைத் தினமும் பார்க்கிறார், பயந்திருக்கலாம். ஸ்டாண்ட் சத்தத்தைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அப்படித் தெரியவில்லை. கவிதையைக் காட்ட வேண்டாம், அந்தச் சத்தத்தை மட்டும் சொல்லுங்கள். அவர் வண்டியில் வரும்போது தெருமுனையிலேயே ஒரு ஹாரன் அடித்துவிட்டு வரட்டும். ஸ்டாண்டை மெல்லப் போட்டு, “நான்தான்” என்று வாசலிலிருந்தே ஒரு குரல் கொடுக்கட்டும். கிளறாதே என்று சொல்கிறவருக்கு என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கலாம். செய்ய ஒரு வேலை கொடுத்தால் பலர் உடனே செய்கிறார்கள்.

அம்மாவிடம் நோட்டை நீட்ட வேண்டாம். அடி பட்டவர் அவர். பிள்ளைகளுக்குத் தெரியாமல் காப்பாற்றிவிட்டோம் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருக்கலாம். எல்லாம் கேட்டது என்று திடீரென்று காகிதத்தில் படித்தால் அவர் நிலைமை என்ன ஆகும்? நம் ஊரில் அந்தத் தலைமுறைப் பெண்களுக்கு நோட்டு இருந்ததில்லை. ஒப்பாரி இருந்தது. செத்தவரைப் பாடுகிற பாட்டுக்குள்ளேயே புகுந்த வீட்டில் பட்டதையும் சேர்த்துப் பாடிவிடுவார்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். உங்கள் அம்மாவும் எங்கேயோ, எப்படியோ சொல்லியிருப்பார். அடுத்த முறை போகும்போது, கூட உட்கார்ந்து காய் நறுக்கும்போது, “அம்மா, அந்த வீட்டில் இருந்தப்போ ராத்திரியில் எனக்கு ரொம்பப் பயமா இருக்கும்” என்று ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள், அது அவர் உரிமை. பேசினால் கேளுங்கள். மன்னிப்போ விளக்கமோ எதிர்பார்த்துப் போகாதீர்கள். பேச்சு அதுவாக வளர்ந்து, அவரே கேட்டால், பூனைக் கவிதையைப் படித்துக் காட்டலாம்.

புத்தகம் இப்போது வேண்டாம். எழுத்து நன்றாக இல்லை என்பதற்காகச் சொல்லவில்லை. அச்சில் வந்துவிட்டால் யாரோ ஒருவர் மூன்றாவது வரி வலுவாக இல்லை என்பார். விமர்சகருக்கு அது சாதாரணம். இன்றைய நிலையில் அது உங்கள் சின்ன வயதையே யாரோ குறை சொன்ன மாதிரி உங்களுக்குக் கேட்கும். அந்த வரியை ஒரு வரியாக மட்டும் பார்த்து, ஆமாம் மாற்றலாம் என்றோ, இல்லை இப்படியே இருக்கட்டும் என்றோ நிதானமாகச் சொல்ல முடிகிற நாள் வரட்டும். அப்போதும் சொந்தப் பெயரில்தான் போட வேண்டும் என்றில்லை. துவரங்குறிச்சியில் வீட்டுக்குள்ளேயே இருந்து, யாருக்கும் தெரியாமல் ஒளித்து ஒளித்து எழுதியவர் கவிஞர் சல்மா. புனைபெயரில்தான் எழுதினார், 2000இல் முதல் தொகுப்பு வந்தது. சின்ன ஊரில் டீச்சராக இருக்கும் உங்களுக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது.

ஆனால் எந்தப் பெயரில் போட்டாலும், அதற்கு முன்னால் தம்பியைக் கேட்டாக வேண்டும். பாதிக் கவிதைகளில் அவர் இருக்கிறார். அந்த ராத்திரிகளைப் பற்றி நீங்கள் இருவரும் பெரியவர்களான பிறகு ஒருமுறையாவது பேசியதாகக் கடிதத்தில் இல்லை. பூனை என்று நம்பினாரா, நம்புகிற மாதிரி இருந்தாரா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். வேண்டாம், இதை வெளியே போடாதே என்று அவர் சொன்னால், அவர் வருகிற கவிதைகள் நோட்டிலேயே இருக்கட்டும். ஓ.பி.க்குத் துணைக்கு யார் வருவது என்று யோசித்துக்கொண்டிருந்தால், அதையும் முதலில் அவரிடமே கேட்கலாம்.

அன்புடன்,
உங்கள் மனநல ஆலோசகர்